அவள் பக்கத்தில் படுத்தால் குளிராது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆவணி. அவளுக்கு வயிற்றில் நாலாம் மாதம். முதல் தடவையாக எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தாள். ரத்த அழுத்தம் 98/60. உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்ததுபோலச் சிவப்பு.

2. புரட்டாசி. 92/56. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருவதாகச் சொன்னாள்.

3. ஐப்பசி. 90/54. நன்றாக இருந்தாள்.

4. கார்த்திகை. 112/70. கணுக்காலில் வீக்கம். பதிவேட்டில் "அட்டைக்கடி" என்று எழுதினேன்.

5. மார்கழி முதல் வாரம். 130/86. "அளவுக்குள்" என்று எழுதினேன். அன்று அவளுடைய நாத்தனார் ஒரு விஷயம் சொன்னாள். நான் சிரித்தேன். அதை எழுதவில்லை.

6. அதற்கு ஒன்பதாம் நாள் காலை, ஏலக்காய் ஸ்டோரில் வலிப்பு.

ஐந்தாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது. எனவே மற்றவற்றையும் சொல்கிறேன்.

உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்துத் தேறியிருந்தேன். டிஸ்பென்சரி என்பது தகரக்கூரை போட்ட ஒரே அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மருந்து அலமாரி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. பல தோட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் டாக்டர் ஒருவர் மாதம் இரண்டு தடவை மட்டக்குதிரையில் வருவார். திருவிதாங்கூர்க்காரர். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். அவருக்குப் புதிதாக ஒரு ரத்த அழுத்தக் கருவி வந்ததும், பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார். மரப்பெட்டிக்குள் பாதரசக் குழாய், கையில் சுற்றும் துணிப்பட்டை, அமுக்கிக் காற்றடைக்க ஒரு ரப்பர் உருண்டை. பெண்கள் அதற்குக் "கைநெரிக்கிற பொட்டி" என்று பேர் வைத்தார்கள்.

அவள் வந்த அன்று எனக்குச் சந்தேகம் அவள்மேல் இல்லை, பெட்டிமேல்தான். 98/60 என்பது குறைவாகப் பட்டது. ரப்பரில் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று நினைத்தேன். குழாயைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். குமிழி வரவில்லை. என் கையிலேயே சுற்றிப் பார்த்தேன். 116/74. பெட்டி சரியாகத்தான் இருந்தது.

"என்னங்க நர்சம்மா, உங்களுக்கும் மாசமா?" என்று பெஞ்சில் இருந்த நாத்தனார் கேட்டாள்.

"மதினி, சும்மா இருங்க" என்று அவள் நாத்தனாரின் தொடையில் தட்டினாள். பிறகு அவளே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இந்த நாத்தனார் அவளுடைய புருஷனுக்கு அக்காள். கணவனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளோடு தம்பி வீட்டிலேயே இருந்தாள். நாலு பெண்களும் ஒரு ஆணும் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில். போடிப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாக நடந்து ஏறி வந்த குடும்பம். அவள் டிஸ்பென்சரிக்கு எப்போது வந்தாலும் நாத்தனாரும் கூட வருவாள். காரணத்தை நாத்தனாரே முதல் நாள் சொல்லிவிட்டாள்.

"ஏற்கனவே ரெண்டு போச்சுங்கம்மா. ஒண்ணு அஞ்சாம் மாசம். ஒண்ணு எட்டாம் மாசத்துல பெறந்து கண்ணே தொறக்கல. இவளத் தனியா வுட்டா, வழியில எதையாச்சும் நெனச்சு அழுதுகிட்டே நிப்பா."

நான் எழுதிக்கொண்டேன்: முன்பு இரண்டு. இரண்டும் இல்லை.

போகும்போது அவள் கதவருகே நின்று, நாத்தனார் வெளியே இறங்கிய பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்.

"இதாச்சும் தங்குமாக்கா?"

"தங்கும்" என்றேன். எதையும் வைத்துச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது என் வேலை என்று அப்போது நினைத்தேன்.

டாக்டர் அடுத்த தடவை வந்தபோது குறைந்த எண்ணைக் காட்டினேன். அவர் கவலைப்படவில்லை. மாறாக உற்சாகமாகிவிட்டார். தபாலில் வரும் வைத்தியப் பத்திரிகைகளைக் குதிரைமேல் உட்கார்ந்தே படிக்கிறவர் அவர். சூலகமும் நஞ்சுக்கொடியும் ரத்தத்தில் சில சாறுகளைக் கலக்கின்றன, அவற்றுக்கு ஹார்மோன் என்று பேர், அவைதாம் உடம்பிலுள்ள ரத்தக்குழாய்களைத் தளர்த்துகின்றன என்று இப்போது சிலர் கருதுகிறார்கள் என்றார். டிஸ்பென்சரிக்குப் பின்னால், ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர மூங்கிலைப் பிளந்து வரிசையாக வைத்திருந்தார்கள். அதைக் காட்டினார்.

"சிஸ்டர், மெலிஞ்ச மூங்கில்ல தண்ணி பாய்ஞ்சு வரும். தடிச்ச மூங்கில்ல? அதே தண்ணி மெதுவா வரும் இல்லே? அதுபோலத்தான். குழலு விரிஞ்சு. அதனால அழுத்தம் தாழ்ந்நு. உள்ளங்கை சிவக்கும், ஈறுல ரத்தம் வரும், உடம்பு சூடா இருக்கும். குழந்தைக்கு ரத்தம் வேணுமே, அதுக்கு உடம்பே வழி உண்டாக்குது."

"எல்லாப் பெண்களுக்குமா?"

"மிக்கவாறும். அநேகம் பேருக்கு, நடு மாசங்கள்ல."

பிறகு எனக்கு ஒரு விதி சொன்னார். மேல் எண் 140ஐத் தாண்டினால் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் வலிப்பு வரக்கூடும், உடனே தனக்கு ஆள் அனுப்ப வேண்டும். நான் அந்த விதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, கீழே கோடு போட்டேன். விதிகள் எனக்குப் பிடிக்கும். எண்ணைத் தாண்டினால் ஒரு வேலை, தாண்டாவிட்டால் வேறு வேலை. மனம் அலைபாயாது.

ஐப்பசி மாதம் மழை விடாமல் பெய்தது. மலையில் குளிர் இறங்கிவிட்டது. அந்த மாதம் அவள் வந்தபோது நாத்தனார் ஒரு பிராதுடன் வந்தாள்.

"இவளுக்காக எங்க வீட்டுல தெனமும் சண்டைங்கம்மா. என் ரெண்டு புள்ளைகளும் இவளுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஒட்டிக்கிருதுக. எனக்கு எடம் இல்ல. வெறைச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"எதுக்கு?"

"தெரியாதா உங்களுக்கு? வயித்துப்புள்ளக்காரி பக்கத்துல படுத்தா குளிராது. கணப்புச் சட்டி மாதிரி இருக்கா. நேத்துக் கடைசியா கால்மாட்டுல படுத்து, இவ பாதத்தக் கட்டிப்பிடிச்சுகிட்டுத் தூங்கினேன்."

"என்னையப் போட்டு நசுக்குறாங்கக்கா" என்றாள் அவள். புகார் மாதிரிச் சொன்னாலும் முகத்தில் பெருமை இருந்தது.

லயத்தில் இது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குளிர்காலத்தில் எந்த வீட்டில் மாசமான பெண் இருக்கிறாளோ, அங்கே அவளை நடுவில் படுக்க வைத்து மற்றவர்கள் சுற்றிலும் ஒண்டிக்கொள்வார்கள். கம்பளிகள் போதாத வீடுகள். மூங்கில் உவமையை டாக்டர் சொல்வதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, ரத்தக்குழாய் விரிந்ததை அந்தப் பெண்கள் தங்கள் முதுகில் உணர்ந்திருக்கிறார்கள். அன்று அந்த எண்ணம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுட்ட கிழங்கு மாதிரி வெதுவெதுப்பு. 90/54. படித்ததும் பார்த்ததும் ஒத்துப்போயின.

கார்த்திகையில் கால் வீங்கியது. ஏலக்காய் செடியின் அடியில்தான் காய்க்கும். பறிக்கிறவர்கள் ஈரத்தில் நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். அட்டை ஏறாத கால் கிடையாது. எல்லாரும் புகையிலையும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டுதான் போவார்கள். அவளுடைய கணுக்காலிலும் ஏழெட்டுக் கடிகள் இருந்தன. வீக்கத்துக்கு அதுவே காரணம் என்று அவளும் சொன்னாள், நாத்தனாரும் சொன்னாள், நானும் எழுதினேன். அழுத்தம் 112. நூற்று நாற்பதுக்கு எவ்வளவோ கீழே. பறிக்கும் வேலையிலிருந்து மாற்றி, ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலைக்கு விடும்படி தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன்.

மார்கழியில் வந்தபோது அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணுக்கு என்ன?"

"மங்கலா இருக்குக்கா. ஸ்டோருல பொகை. நெத்தியும் வலிக்குது."

ஏலக்காயை உலர்த்தும் அறைக்குக் கீழே விறகு எரிந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் கண் சிவந்துதான் இருக்கும். அவளை அங்கே அனுப்பியது நான். எனவே புகை என்ற காரணத்தையும் நானே அவள் கையில் கொடுத்தது போலாயிற்று. பட்டையைச் சுற்றி உருண்டையை அமுக்கினேன். 130/86.

அப்போதுதான் நாத்தனார் அதைச் சொன்னாள்.

"கணப்பு அவிஞ்சு போச்சுங்கம்மா. எட்டு நாளா இவ பக்கத்துல படுத்தாலும் குளிருது. என் புள்ளைக ரெண்டும் இவள வுட்டுட்டு அடுப்பாண்ட போயிருச்சுக. காலு பாம்பு மாதிரி சில்லுன்னு கெடக்கு. இனி எதுக்கு இவளுக்கு நடு எடம்? ஓரத்துல தள்ளிட்டேன்."

"மதினிக்கு எடம் கெடச்சிருச்சுல்ல, அதுபோதும்" என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே "அளவுக்குள்" என்று எழுதினேன். அன்று அவள் உள்ளங்கையை நான் பார்க்கவில்லை. பட்டை சுற்றுவது மேற்கையில். உள்ளங்கையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

குழாய் விரிந்தால் உடம்பு சூடாகும், அழுத்தம் குறையும் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால், உடம்பு குளிர்ந்து அழுத்தம் ஏறினால் குழாய் என்ன செய்கிறது? இந்தக் கேள்வி பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தோன்றக்கூடியது. எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு மாத எண்ணையும் சிவப்பு மையில் எழுதிய 140ஓடு ஒப்பிட்டேன். அதற்கு முந்தைய மாத வரியில் இருந்த எண்ணோடு ஒப்பிடவில்லை. ஐப்பசியில் 90. மார்கழியில் 130. இரண்டு மாதத்தில் நாற்பது ஏறியிருந்தது. மற்றொருத்திக்கு 130 சாதாரணம். தொண்ணூறில் இருந்த இவளுக்கு அது சாதாரணம் அல்ல. இரண்டு எண்களும் என் கையெழுத்தில், ஒரே பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருந்தன.

ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணி இருக்கும். ஸ்டோரிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நான் போனபோது, பொறுக்கிய காய்களும் பொறுக்காத காய்களும் தரையெல்லாம் கலந்து சிதறியிருந்தன. அவள் நடுவில் கிடந்தாள். யாரோ ஸ்டோர்ச் சாவியை அவள் கையில் திணித்திருந்தார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. விரல்கள் சாவியின் மேல் இறுகியிருந்தன. விரித்து எடுத்தேன். உள்ளங்கை வெளுத்து, ஈரமாக, சில்லென்று இருந்தது.

எல்லாரையும் வெளியே அனுப்பினேன். நாத்தனாரை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு செய்தவை: காய் நிறுக்கும் அறைக்கு அவளைத் தூக்கிச் சென்று இருட்டாக்கியது, நாக்கைக் கடிக்காமல் இருக்கத் துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவே வைத்தது, மார்பியா ஊசி போட்டது, டாக்டர் இருந்த தோட்டத்துக்கு அவளுடைய புருஷனையே ஓடச் சொன்னது. அழுத்தம் 178/116. சிறுநீரை அன்று காய்ச்சினேன். குழாய்க்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்தது.

"என்னங்கம்மா அது?" என்றாள் நாத்தனார்.

"ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிப் போச்சு" என்றேன்.

"விரிய வைங்க."

என்னிடம் அதற்கு ஒன்றும் இல்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

டாக்டர் நண்பகலுக்குப் பிறகு வந்தார். அதற்குள் இன்னும் மூன்று தடவை வலிப்பு வந்துபோயிருந்தது. குளோரோபார்ம் கொடுத்துக் குழந்தையை எடுத்தார். பெண். அழுதது, ஆனால் பூனைக்குட்டி அளவுக்கு. அந்த அறையில் இருந்த ஏலக்காய்த் தராசிலேயே நிறுத்தோம். நாலு ராத்தலுக்குக் குறைவு. டாக்டர் நாத்தனாரைப் பார்த்து, "சூடு வேணும் இதுக்கு. வேற ஒண்ணும் இப்ப வேண்டாம். சூடு" என்றார். அவள் குழந்தையை வாங்கி, முந்தானைக்குள் தன் மார்போடு வெறும் தோலில் வைத்து, அதன்மேல் கம்பளியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சுவரோரமாக உட்கார்ந்தாள். அதன்பின் பல நாள் அவள் அதை இறக்கி நான் பார்க்கவில்லை. லயத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பால் பிழிந்து கொடுத்தார்கள். நான் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

தாய்க்கு நினைவு திரும்பவில்லை. மறுநாள் நண்பகலில் போய்விட்டாள். பிள்ளை தங்கிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது.

டாக்டர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்து வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நூற்று நாற்பதுன்னு சொன்னது ஞானாக்கும், நான்தான்" என்று மட்டும் சொன்னார். குழாயை விரித்து வைத்திருந்த சாறுகள் என்ன ஆயின, குழாய் ஏன் சுருங்கியது என்று கேட்டேன். "ஆர்க்கும் அறியில்ல, சிஸ்டர்" என்றார். யாருக்கும் தெரியாது. பத்திரிகைகளில் பலர் பலவிதமாக எழுதுகிறார்களாம்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துக் குழந்தையை நிறுக்க லயத்துக்குப் போனேன். அறையில் நாத்தனாரும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். கதவைத் திறந்ததும் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். எனக்காகக் காத்திருந்தவள் போல.

"என் வாய்தாங்கம்மா அவளக் கொன்னுருச்சு. கணப்பு அவிஞ்சு போச்சுன்னு நாந்தானே சொன்னேன்? நல்லா எரிஞ்சுகிட்டிருந்தத நானே ஊதி அணைச்சேன். நடுவுல கெடந்தவள ஓரத்துல தள்ளுனேன். அந்தக் குளிருதான் அவ ரத்தத்தச் சுருக்கிருச்சு."

"இல்ல. நீங்க தள்ளுறதுக்கு முன்னாடியே அவ உடம்பு குளுந்திருச்சு. அத மொதல்ல கண்டுபிடிச்சது நீங்க. கண்டுபிடிச்சு என்கிட்ட வந்து சொன்னீங்க. அன்னைக்கே நான் சிறுநீரக் காய்ச்சிப் பாத்து, டாக்டருக்கு ஆள் அனுப்பியிருக்கணும். ஒன்பது நாள் இருந்துச்சு."

அவள் கம்பளி முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"அப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"கேட்டுத்தான் சிரிச்சீங்க."

"ஆமா."

"ஒன்பது நாளு."

"ஆமா. அனுப்பியிருந்தாலும் பொழச்சிருப்பான்னு உறுதியாச் சொல்ல முடியாது."

இந்தக் கடைசி வாக்கியம் உண்மை. ஆனால் அதைச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவளுக்காக அல்ல, எனக்காகச் சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. கம்பளி முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் நிறுத்துட்டுக் குடுங்க. குளுரும்."

என் கையில் வாங்கினேன். வெதுவெதுவென்று இருந்தது. தராசுத் தட்டில் துணி விரித்து வைத்தேன். ஐந்து ராத்தலை எட்டிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது இருக்கிற நிலை இது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயது நடக்கிறது. நாத்தனாரை அம்மா என்று கூப்பிடுகிறது. தகப்பன் போடிக்கு இறங்கிப் போனவன் திரும்பவில்லை. என் பதிவேட்டில் இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஒன்று, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம். மற்றொன்று, கை கால் சூடா, சில்லென்றா என்பது. இரண்டாவதற்கு, கூடப் படுக்கிறவர்களைக் கேட்டு எழுதுகிறேன். எல்லாருடைய சிறுநீரையும் ஒவ்வொரு தடவையும் காய்ச்சுகிறேன். ஸ்பிரிட் அதிகம் செலவாகிறது என்று ரைட்டர் முணுமுணுக்கிறார். சந்தேகம் வந்தவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். சிலருக்கு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழாய் ஏன் சுருங்குகிறது என்பது டாக்டருக்கு இன்னும் தெரியாது. நாத்தனார் டிஸ்பென்சரிக்கு வருகிறாள், குழந்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். எனக்கு முன்னால் அவள் எதையும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.